எழும்பூரில் அனுப்பாத ஃபைல்

"அக்கா, ரெண்டே நிமிஷம். க்விக் ஷேர்ல சாருக்குத் தள்ளிடுறேன்."

"வேணாம்பா" என்றேன்.

ஏப்ரல் மாதம் வங்கிக் கிளை ஆடிட்டுக்குப் போனவர்களுக்கு அந்த அவசரம் தெரியும். ஸ்கேன் செய்த கடன் ஆவணங்கள் எல்லாம் எங்கள் ஆடிட் குழுவில் இருக்கும் தம்பியின் லேப்டாப்பில் இருந்தன. சார் எதிர் பிளாட்ஃபாரத்தில், போனைக் காதில் வைத்தபடி ரயிலுக்குக் காத்திருந்தார். தம்பியின் திரையில் ஒரே பெயரில் இரண்டு போன்கள்: கேலக்ஸி ஏ14, கேலக்ஸி ஏ14. ஒன்று சாருடையது. இன்னொன்று யாருடையதோ.

பக்கத்தில் இருக்கும் போனுக்கு நேரடியாக ஃபைல் அனுப்பும் க்விக் ஷேரும், ஆப்பிளின் ஏர்டிராப்பும் என்கிரிப்ட் செய்துதான் அனுப்புகின்றன. நடுவில் யாரும் படிப்பது எளிதல்ல. ஆனால் தப்பான ஆளுக்கே அனுப்பிவிட்டால் அந்த என்கிரிப்ஷன் என்ன செய்யும்? அவர் 'ஏற்கிறேன்' என்று ஒருமுறை தொட்டால் போதும். பக்கத்தில் உள்ள யாரும் ஃபைல் அனுப்பலாம் என்று ஏர்டிராப்பை 'எல்லோரும்' எனத் திறந்து வைப்பதில் உள்ள ஆபத்து தெரிந்துதான் ஆப்பிள் 2022 கடைசியில் அதைப் பத்தே நிமிடத்தில் தானாக அணையும்படி மாற்றியது.

தம்பியே ஓடிப்போய் சார் பக்கத்தில் நின்று, அவர் திரையைப் பார்த்து அனுப்பியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. நேரம் இருந்ததா? இருந்திருக்கும் என்று சில நாள் நினைக்கிறேன், இல்லை என்று சில நாள்.

ஆனால் பிரச்சினை அதோடு தீரவில்லை. அவனுடைய லேப்டாப் ஸ்டேஷன் வைஃபையில் இருந்தது. விண்டோஸில் அந்த வைஃபையை 'பிரைவேட்' என்று, அதாவது வீடு, ஆபீஸ் போல நம்பகமானது என்று, கொடுத்திருக்கிறான். ஆபீஸில் எல்லாரும் எடுத்துக்கொள்ள வசதியாக ஆடிட் ஃபோல்டரைப் பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் செய்தது அப்படியே இருந்தது. 'பப்ளிக்' என்று கொடுத்திருந்தால் பக்கத்துக் கணினிகளுக்கு அது தெரிந்திருக்காது. சில வைஃபைகளில் ஒருவர் கணினி இன்னொருவருக்குத் தெரியாதபடி தடுத்திருப்பார்கள். அதை நம்பியா விடுவது? உள்ளே இருப்பது யாரோ ஒரு விவசாயியின் ஆதார், பான், பத்திர நகல், கையெழுத்து. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இரவு சார் கூப்பிட்டார். "நீங்க சொன்னது சரிதாம்மா. ஆனா வேலை நிக்குதே." திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்த 'ஆனா'வுக்கு என்னிடம் பதில் இல்லை. வேலை நின்றது உண்மை. அதைவிட, தம்பி அவரிடம் "அக்காதான் வேணாம்னாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ஏன் வேண்டாம் என்பது அவனுக்குப் புரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பானே.

அடுத்த கிளையில் என்னைக் கேட்காமலே அனுப்பினான். சரியாக சாருக்குத்தான் போனது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு நிம்மதி வரவில்லை.