சன்னைத் துரத்திய 21 மாதங்கள்

இங்கிலாந்து கால்பந்து கிளப்பான டாட்டன்ஹாமில் தென்கொரிய வீரர் சன் ஹியூங்-மின் போட்ட கோல்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அவரது ஐரோப்பிய ஆட்டத்தையே பாதியில் முறித்திருக்கக்கூடியது கொரியாவின் கட்டாய ராணுவச் சேவை. அப்போது சுமார் 21 மாதம். விளையாட்டு வீரருக்கு விலக்கு கிடைக்க இரண்டே வழி: ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம், இல்லை ஆசிய விளையாட்டில் தங்கம். அங்கே வெள்ளி வாங்கினால் பயனில்லை.

சிக்கல் எங்கே என்றால், ஆசிய விளையாட்டு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் நாட்காட்டியில் இல்லை. வீரரை விட்டே ஆகவேண்டும் என்று கிளப்புக்குக் கட்டாயமில்லை. 2014இல் அவரது அப்போதைய ஜெர்மன் கிளப் லெவர்குசன் விடவில்லை, கொரியா அவர் இல்லாமலே தங்கம் வென்றது (வயிற்றெரிச்சல்!). 2018இல் டாட்டன்ஹாம் பேரம் பேசித்தான் அனுப்பியது. பதிலுக்கு நவம்பர் நட்பு ஆட்டங்களுக்கும், 2019 ஆசியக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் கொரியா அவரைக் கேட்கக்கூடாது. அந்த 2018 ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் ஜப்பானை 2-1 என வென்று தங்கம் வாங்கினார்கள், அதுவும் கூடுதல் நேரத்தில்.

விலக்கு என்றாலும் முழு விலக்கு இல்லை. 2020இல் ஜெஜு தீவில் 3 வாரப் பயிற்சி, கூடவே 544 மணிநேர சமூகப் பணி.

தங்கம் வாங்கிய பிறகு நான்காவது பருவம் 2021-22. பிரீமியர் லீக்கில் 23 கோல், ஒன்றுகூட பெனால்டி இல்லை.