முழங்கைக் கணக்கு

14 ஜூலை 2024, ஞாயிறு. ரங்கூன்

இடது கையின் ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு இதை எழுதுகிறேன். வலது கை, தோளுக்குக் கீழிருந்து விரல் கணு வரை பஞ்சும் துணியும் சுற்றப்பட்டு, இரண்டு தலையணைகளின் மேல் நெஞ்சைவிட உயரமாகக் கிடக்கிறது. சென்ற செவ்வாய்க்கிழமை விடியற்காலை, மின்சாரம் இல்லாத இருட்டில், மாடிப்படி இறங்கிச் சந்தில் கால் வைத்தபோது பாசி வழுக்கியது. மடங்கியிருந்த முழங்கைதான் முதலில் தரையில் மோதியது. மழைக்காலத்தில் இந்த ஊர் நடைபாதைகளில் பாசி பிடிப்பது குழந்தைக்கும் தெரியும். நாற்பது வருடமாக நடந்த சந்து என்ற மெத்தனம் எனக்கு.

முதலில் போன சிறிய கிளினிக்கில், மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் ஆட்டாமல் வைத்திருந்தால் போதும் என்றார்கள். வலியில் எனக்கு அதுவே வரமாகத் தோன்றியது. மகள்தான் ஒப்புக்கொள்ளாமல் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போனாள். அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். மேற்கை எலும்பு கீழே வரும்போது இரண்டு தூண்களாகப் பிரிகிறது. அந்தத் தூண்களுக்கு நடுவே நூல்கண்டு போன்ற ஒரு பகுதி இருக்கிறது. முன்கை எலும்பு அதைப் பற்றிக்கொண்டுதான் மடங்கி நிமிர்கிறது. எனக்கு இரண்டு தூண்களும் முறிந்து, நூல்கண்டும் இரண்டாகப் பிளந்திருந்தது. மாவுக்கட்டில் எலும்பு ஒருவேளை கோணலாகச் சேரலாம், ஆனால் ஆறு வாரம் அசையாத முழங்கை அதற்குள் மரக்கட்டையாகிவிடும் என்றார். பிளேட் வைப்பது எலும்பு சேருவதற்காக மட்டுமன்று, சேருவதற்கு முன்பே மூட்டை அசைக்கத் தொடங்குவதற்காகவும்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. முழங்கையின் பின்புறம் ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, பிளந்த மூட்டைக் கண்ணால் பார்த்துப் பொருத்துவதற்காக, நாம் மேசையில் ஊன்றுகிறோமே அந்த முழங்கை நுனி எலும்பையும் வெட்டி, பெட்டியின் மூடியைப் போலத் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டைட்டானியம் பிளேட்டுகளை ஸ்க்ரூவால் இறுக்கியபின், வெட்டிய நுனியைக் கம்பி கட்டி மூடியிருக்கிறார்கள். உடைந்ததைச் சேர்க்க உடையாததையும் வெட்டியிருக்கிறார்கள் என்று கேட்டதும் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

17 ஜூலை, புதன்

பிசியோதெரபி இன்று தொடங்கியது. பயிற்சி தருபவர் என் மகள் வயதுள்ள பர்மியப் பெண். மரியாதைக்காக நான் அவரைச் சயாமா, அதாவது பர்மிய மொழியில் ஆசிரியை, என்றே அழைக்கிறேன். மல்லாந்து படுத்து, மேற்கையைக் கூரையை நோக்கி நிமிர்த்தி, இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, முன்கை அதன் பாரத்தாலேயே நெற்றியை நோக்கி மெல்ல இறங்கும்படி விடவேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. முதல் தடவை ஒரு விரற்கடை இறங்குவதற்குள் முதுகு முழுவதும் வியர்த்துவிட்டது. தோளும் மணிக்கட்டும் விரல்களும் சும்மா இருக்கக் கூடாது, மணிக்கு ஒரு முறை கையை மூடித் திறக்க வேண்டும். ஆனால் வெட்டி ஒட்டிய நுனி எலும்பைப் பின்கைத் தசை இழுத்துப் பிரித்துவிடக் கூடாது என்பதால், ஆறு வாரத்துக்கு எதையும் எதிர்த்துத் தள்ளவோ, நாற்காலிப் பிடியில் ஊன்றி எழவோ கூடாது. தேநீர்க் கோப்பைக்கு மேல் எந்தப் பாரமும் தூக்கக் கூடாது.

சுண்டுவிரலும் மோதிர விரலின் ஒரு பாதியும் மரத்துக் கிடக்கின்றன. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு உள்பக்கப் புடைப்புக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அறுவையின்போது முதலில் அதைத் தேடி ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைச் செய்வார்களாம். தொட்டு நகர்த்தியதிலேயே அது சோர்ந்துவிடும் என்றும், வாரங்களோ மாதங்களோ ஆகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

கீழே சந்தில் யாரோ கயிற்றை இழுத்து மணியடிக்கிறார்கள். எங்கள் ஊரில் மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து கிளிப் மாட்டிய கயிறு ஒன்று தெரு வரை தொங்கும். பத்திரிகையோ காய்கறியோ எது வந்தாலும் அதில் மாட்டிவிட்டு மணியடிப்பார்கள், மேலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாடி வரை அதை இழுப்பது இந்த வீட்டில் என் வேலை. மனைவி அடுப்பை விட்டு ஓடுகிறாள்.

26 ஜூலை, வெள்ளி

பதினான்காம் நாள், தையல் பிரித்தார்கள். காயம் காய்ந்திருக்கிறது. சயாமா கோணமானியை வைத்து அளந்து, நிமிர்வது 50, மடங்குவது 85 என்று எழுதினார். கை முற்றிலும் நீண்டிருந்தால் சுழி, முழுக்க மடங்கினால் ஏறத்தாழ 140. நான் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுபவன். இருப்பும் பற்றும் போல இனி இந்த இரண்டு எண்களையும் எழுதி வைக்கப் போகிறேன்.

லுங்கி கட்டுவதுதான் பெரும் அவமானமாக இருக்கிறது. இரண்டு கையாலும் துணியை விரித்து, முன்பக்கம் கூட்டி, ஒரு முறுக்கு முறுக்கிச் செருகுவது ஐம்பது வருடமாக நினைக்காமல் செய்த காரியம். ஒற்றைக் கையால் அது நிற்கவேயில்லை. மனைவி நேற்று இடுப்புப் பக்கம் மடித்துத் தைத்து எலாஸ்டிக் கோத்துக் கொடுத்துவிட்டாள்.

3 ஆகஸ்ட், சனி

இன்று ஆடிப்பெருக்கு. அத்தை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தலாவிலிருந்து படகில் வந்து, சித்திரான்னங்களோடு, சுளுக்கு எடுப்பவர் ஒருவரையும் அழைத்து வந்துவிட்டார். "ஊரிலே புத்தூர்க் கட்டுப் போட்டா கத்தி வைக்காமலே சேர்ந்திருக்கும், அதுதான் தப்பிப் போச்சு, எண்ணெய் போட்டு உருவியாவது விடுவோம் தம்பி" என்றார். என்னைத் தூக்கி வளர்த்த கை. மறுக்க வாய் வரவில்லை என்று எழுதினால் அது பாதி உண்மைதான். பத்து நாளாக மடங்காத கை ஒரே பிற்பகலில் மடங்கிவிடும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

அவர் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவினார், அதுவரை சுகமாகவே இருந்தது. பிறகு மேற்கையைத் தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டைப் பற்றிக் கையை நேராக்குவதற்காக ஓர் இழுப்பு இழுத்தார்.

5 ஆகஸ்ட், திங்கள்

முழங்கை வீங்கிச் சூடாக இருக்கிறது. உள்பக்கம் ஊதா நிறத்தில் கன்றிவிட்டது. 60, 75. இரண்டு வாரமாகச் சேர்த்ததைவிட அதிகம் ஒரே நாளில் போய்விட்டது.

சயாமா கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எண்களை எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: மற்ற மூட்டுகளைவிட முழங்கை பலவந்தத்துக்கு இணங்காது. பிடித்து இழுத்தால் முன்பக்கத் தசை கிழிந்து உள்ளே இரத்தம் கசியும், ஆறும்போது அது முன்னைவிட இறுகும். சிலருக்கு அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு விளைந்து மூட்டைப் பூட்டிவிடுவதும் உண்டு. வெளியிலிருந்து ஒருவர் இழுப்பதை உடம்பு தாக்குதலாகவே எடுத்துக்கொள்கிறது. சொந்தத் தசையால் நாளுக்குப் பத்து முறை கொஞ்சம் கொஞ்சமாக அசைப்பதைத்தான் ஏற்றுக்கொள்கிறது. தழும்பின் மேல் விரலால் மெல்லத் தேய்ப்பது வேறு, மூட்டைப் பிடித்து இழுப்பது வேறு என்றும் சொல்லிக் கொடுத்தார்.

இன்றும் நாளையும் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் வைத்து, கையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். அத்தைக்கு இதைச் சொல்லவில்லை. கை தேவலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

23 ஆகஸ்ட், வெள்ளி

ஆறு வாரம். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். இரண்டு பிளேட்டுகளும் எலும்பின் இருபுறமும் ஏணி போல நிற்கின்றன, முறிவுக்கோடு மங்கத் தொடங்கியிருக்கிறது. நான் பயந்தபடி வேண்டாத இடத்தில் எலும்பு எதுவும் விளையவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் உருவிவிட்ட கதையை அவரிடம் சொன்னேன். தெரியும் என்றார், சயாமா எழுதி அனுப்பியிருக்கிறார்.

40, 105. இனி கால் வீசை வரை தூக்கலாமா என்று கேட்டேன். இந்த நாட்டில் எல்லோரும் பயன்படுத்தும் நிறுவைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'விஸ்' என்ற பெயர் நம் வீசையிலிருந்துதான் போனது. ஒரு வீசை இங்கே சுமார் 1.63 கிலோ. அரைக் கிலோவுக்குக் குறைவென்றால் சரி என்றார். ஆக, கால் வீசை உளுந்து. சுருட்டை விட்டாயிற்றா என்று அடுத்த கேள்வி. புகை எலும்புக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துக் கூடுவதைத் தாமதமாக்கும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார். விட்டுவிட்டேன். வீசையைப் போலவே சுருட்டும் நம்மிடமிருந்து போன சொல்தான், ஆங்கிலேயன்கூட அதைத்தான் சொல்கிறான். அந்தப் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு பொருளைத் துறந்திருக்கிறேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

இரண்டு வாரமாக எண் நகரவில்லை. 38, 108. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதைப் பழமொழியாகவே அறிந்திருந்தேன். நேற்று விநாயகர் சதுர்த்தி; இலையில் கொழுக்கட்டை வைத்தார்கள். வலது கையால் எடுத்தேன். விரல்கள் வாய்க்கு நான்கு விரற்கடை முன்னால் நின்றுவிட்டன. கழுத்தை நீட்டிக் குனிந்து கொக்கு மீனைக் கவ்வுவதுபோல் கவ்வினேன். பேரன் கைகொட்டிச் சிரித்தான், அவனுக்காக இன்னொரு முறையும் செய்து காட்டினேன்.

மகள் கைப்பேசியில் படித்துச் சொன்னாள். மோரி என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 1981இல் சாப்பிடுவது, கதவு திறப்பது போன்ற அன்றாடக் காரியங்களை அளந்து பார்த்து, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முழங்கை 30இலிருந்து 130 வரை அசைந்தால் போதும் என்று கண்டார்களாம். கடவுள் கொடுத்த முழு வீச்சும் வேண்டியதில்லை, நடுவிலுள்ள நூறு பாகை போதும். என் இருப்பு இப்போது எழுபது.

இரவில் கையை நீட்டியபடி கட்டிக்கொள்ள ஒரு சிம்புக் கட்டை கொடுத்திருக்கிறார்கள். இழுக்காமல், ஒரே நிலையில் நீண்ட நேரம் வைத்திருந்து தசையை ஏமாற்றும் ஏற்பாடு அது. ஓய்ந்திருக்கும் நாளில்தான் கை பின்வாங்குகிறது என்பதால், பகலில் பயிற்சியை ஐந்து வேளையாக்கிக்கொண்டேன். நுனி எலும்பு ஒட்டிவிட்டதால் இனி எதிர்த்துத் தள்ளவும் அனுமதி உண்டு. மனைவி, இங்கே கன்னத்தில் சந்தனம்போல் பூசும் தனக்காக் கட்டையை அரைக்கும் கல்லை என் பக்கம் நகர்த்திவிட்டாள். கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மரக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்து வட்டமாகத் தேய்க்கும்போது, கை ஒவ்வொரு சுற்றிலும் நீண்டு நீண்டு மடங்குகிறது. பால்போல் விழுது திரளும்வரை தேய்த்தால் இருநூறு சுற்றாவது ஆகிறது. சயாமாவிடம் சொன்னேன், அவர் தம் கன்னத்தில் பூசியிருந்த தனக்காவைத் தொட்டுக்காட்டி, பட்டியலில் சேர்த்துவிட்டேன் என்றார்.

4 அக்டோபர், வெள்ளி

பன்னிரண்டு வாரம். எலும்பு கூடிவிட்டதாக மருத்துவர் சொன்னார். 28, 122. இரண்டு நாளாக மண்டிக்குப் போகிறேன். சாக்கில் குத்தூசி விட்டு எடுத்த உளுந்தை வலது உள்ளங்கையில் பரப்பி வண்டும் சொத்தையும் பார்த்தேன். பார்க்க முடிந்தது. ஆனால் சுண்டுவிரல் ஓரத்தில் சரிந்த நாலைந்து மணிகள் விழுந்தது எனக்குத் தெரியவில்லை, தரையில் தெறித்த சத்தத்தில்தான் தெரிந்தது. நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளருமாம். முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, மூடி வைத்தேன்.

மாலையில் மணியடித்தது, நானே போனேன். இரண்டு வீசை உருளைக்கிழங்கு. இடது கையால் இழுத்து வலது கையால் பிடித்துக்கொண்டேன், வலது கையால் இழுக்கவில்லை. பாதியில் கிளிப் கீழ் வீட்டுக்காரரின் துணிக்கொடியில் சிக்கியது, அவர் மருமகள் வந்து எடுத்துவிட்டாள்.

2 நவம்பர், சனி

22, 128. சயாமா இனி மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்றார். ஒரு வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும், கடைசி இருபது பாகை நிமிராமலே போனாலும் போகலாம் என்றும் சொன்னார். சட்டையின் மேல் பொத்தானைப் போட முடிகிறது. லுங்கியும் கட்டுகிறேன், முறுக்கு மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது.

பிளேட்டை எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். தொந்தரவு செய்யாதவரை உள்ளேயே இருக்கட்டும், எடுப்பதற்காக அந்த நரம்பைத் தாண்டி மறுபடியும் கத்தி வைப்பது லேசான காரியமன்று என்றார். தொந்தரவு செய்வது நுனி எலும்பைக் கட்டிய கம்பிதான். தோலுக்கு அடியில் அரிசிமணி அளவில் அதன் முனை தட்டுப்படுகிறது. பேரேட்டில் எழுதும்போது முழங்கையை மேசையில் ஊன்றினால் சுருக்கென்று குத்துகிறது. அதை மட்டும் அடுத்த வருடம் சின்ன அறுவையில் எடுத்துவிடலாம் என்றிருக்கிறார். அதுவரைக்கும் மண்டி மேசையில் பேரேட்டுக்குப் பக்கத்தில் பழைய எலாஸ்டிக் லுங்கியை நாலாக மடித்துப் போட்டு வைத்திருக்கிறேன்.