பால் ரெவியர் வீட்டு மாதிரி: எந்தக் கூரையை வைப்பது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நார்த் ஸ்கொயர் என்னும் இடத்தில் இருக்கும் பால் ரெவியர் வீட்டைப் பால்சா மரத்தில் 1:48 அளவில் செய்யத் தொடங்கி இது மூன்றாவது மாதம். சுவர்களும் சன்னல்களும் முடிந்து, கூரைக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது.

1676ஆம் ஆண்டுத் தீ விபத்தில் எரிந்துபோன பாதிரியார் இன்க்ரீஸ் மேதரின் இல்லம் இருந்த மனையில், 1680ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த வீடு இது. வெள்ளிவேலை செய்துவந்த ரெவியர் 1770இல் இதை வாங்கினார். பிரிட்டிஷ் படை வருகிறது என்று அமெரிக்க விடுதலைப் போராளிகளை எச்சரிக்க அவர் புறப்பட்ட 1775 ஏப்ரல் 18 இரவிலும் அவர் குடும்பம் இங்கேதான் வசித்தது. ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் தெருவை நோக்கிய கூரை உயர்த்தப்பட்டு, வீட்டுக்கு மூன்றாம் தளம் ஒன்று இருந்தது. 1800இல் அவர் விற்றபின் வாடகைக் குடியிருப்பாகவும், கீழ்த்தளத்தில் மிட்டாய், சுருட்டு, காய்கறி வணிகம் நடந்த இடமாகவும் மாறிப்போன வீட்டை, 1902இல் அவருடைய கொள்ளுப்பேரன் ஒருவர் வாங்கி இடிபடாமல் காப்பாற்றினார். பின்னர் கட்டடக் கலைஞர் ஜோசப் சாண்ட்லர் அதை 1700ஐ ஒட்டிய தோற்றத்துக்கு மீட்டபோது மூன்றாம் தளத்தை அகற்றினார். 1908 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் கூரையின் கீழ் ரெவியர் ஒருநாளும் படுத்துறங்கியதில்லை.

சுவர்ப் பலகைகள்தான் அதிக நாள்களை எடுத்துக்கொண்டன. மழைநீர் உள்ளே இறங்காதபடி ஒவ்வொரு பலகையும் தனக்குக் கீழுள்ளதன் மேல்விளிம்பை மூடி நிற்க வேண்டும் என்பதால், அடியிலிருந்து தொடங்கி, இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியுமாறு ஒட்டிக்கொண்டே வந்தேன். முதல் சுவரில் வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவியதால், அதிலிருந்த ஈரத்தை உறிஞ்சிக் கீற்றுகள் எல்லாம் வளைந்துவிட்டன. அந்தச் சுவரைப் பிரித்தெறிந்து, பல்குச்சி முனையில் தொட்டுவைத்த பசையோடு மறுபடியும் ஒட்டினேன்.

ஈயப்பட்டை பிடித்த சாய்சதுரக் கண்ணாடிச் சன்னல்களுக்கு ஓஎச்பி தாளை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) பயன்படுத்தினேன். அடியில் கட்டம் போட்ட காகிதத்தை வைத்து, காம்பஸ் முள்ளால் கீறி, கீறலில் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தேய்த்து உடனே துடைத்தால், கீறலுக்குள் மட்டும் மயிரிழை போல வண்ணம் தங்கிவிடுகிறது. பேனாவால் வரைந்து பார்த்த கோடுகள் எல்லாம் தடித்துத் தெரிந்தன.

ரெவியரின் பெயரால் காக்கப்படும் வீட்டில் அவர் அறிந்த தளத்தை எடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆயினும் பாஸ்டனின் நடுப்பகுதியில் பதினேழாம் நூற்றாண்டு மரவீட்டின் வடிவத்தைக் கண்ணால் காண வேறு வழி இருந்திருக்காது என்பதும், கட்டுமானத்தில் சுமார் 90 விழுக்காடு பழையதே என்பதும் சாண்ட்லர் பக்கம் நிற்கும் வலுவான நியாயங்கள். எனவே இரண்டு கூரைகளையும் செய்து, கழற்றி மாற்றும்படி வைக்கப்போகிறேன். மூன்றாம் தளத்தின் முகப்புச் சுவரை நேற்று வெட்டி முடித்தேன். ஒட்டாமல் மேலே நிறுத்திப் பார்த்தபோது, இடப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் உயரமாக இருந்தது. நாளை தேய்க்க வேண்டும்.