எந்த மேசைக்கு ஓடுவது?

பெங்களூரு அல்சூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் கணினிகளை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். வைரஸ் தடுப்பு மென்பொருளின் நிர்வாகத் திரையைத் திறந்தால், எல்லா வரியிலும் ‘டெஸ்க்டாப்’, ஒரு சிறு கோடு, தலையும் வாலும் புரியாத ஏழு எழுத்துகள். விண்டோஸ் ஒவ்வொரு கணினிக்கும் தானாகச் சூட்டும் பெயர். சிவப்பு எச்சரிக்கை வந்தால் எந்த மேசைக்கு ஓடுவது?

“அவரவர் பெயரையே வைத்துவிடு தம்பி” என்றார் கணக்குப் பிரிவு அக்கா. இந்த ஊரில் ஆட்கள் ஓரிடத்தில் தங்கினால்தானே! மாடி, பிரிவு, பெட்டியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகள் என்று வைத்தேன். விண்டோஸ் வலையமைப்பின் பழைய பெயர் முறையான நெட்பயாஸில் கணினிப் பெயருக்கு வரம்பு 15 எழுத்து; அதற்குள் அடங்கியது.

இரண்டு கணினிகள் மட்டும் ஒரே வரியில் மாறி மாறித் தலைகாட்டின. காலையில் ஒன்றின் ஐபி முகவரி, மதியம் மற்றதுடையது. ஒன்றின் வன்வட்டை அப்படியே மற்றதில் நகலெடுத்து விற்ற புண்ணியவானின் வேலை. பெயரை மாற்றிப் பயனில்லை. நிறுவும்போது உருவாகும் அடையாள எண்ணைத்தான் இந்த மென்பொருள் நம்புகிறது, அதுவும் நகலாகியிருந்தது. ஒன்றில் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவியதும் இரண்டு வரிகள் வந்தன. புதிதாகத் தெரிந்த கணினியில் வைரஸ்களை அடையாளம் காண உதவும் பட்டியல் பல மாதம் பழையது.