ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி

உணர்ச்சிகளும் உறவுகளும் ஒரு நிலையில் நிற்காமல் தத்தளிக்கும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறை எங்கள் மனநலத் துறையில் 'பார்டர்லைன்' என்று சுருக்கிச் சொல்வோம். அந்தச் சொல்லைக் கேட்டதுமே "அய்யோ, கஷ்டமான கேஸ்" என்று கோப்பைத் திறக்காமலே தீர்ப்பெழுதும் ஆலோசகர்களும் உண்டு. இன்னொரு பக்கம், ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தன் மேலாளருக்கே அந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டு வருகிறவர்கள். இந்தக் கோளாறுக்கென்று வகுத்த 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும், அவை நீண்ட காலமாகத் தொடர வேண்டும் என்று சொன்னால் முகம் வாடிவிடும்.

உண்மையிலேயே இதோடு வாழ்கிறவர்களின் துணைகள் கேட்பது வேறு. "நேத்து வரைக்கும் நான்தான் உயிருன்னு சொன்னா. இன்னைக்கு என்னை மாதிரி மோசமானவன் இல்லைங்கிறா. எதுங்க பொய்?" இரண்டுமே பொய்யில்லை என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வராத அரைமணி நேரம் மற்றவர்களுக்கு எரிச்சல் மட்டுமே. இந்தக் கோளாறு உள்ளவருக்கோ கைவிடப்பட்டதற்கான அத்தாட்சி. அந்த நேரத்தில் முன்பு கிடைத்த அன்பு எதுவும் நினைவில் நிற்காது. உணர்ச்சி சட்டென்று ஏறும், தணிய வெகுநேரமாகும். பிறவியிலேயே அப்படியொரு இயல்பு, "இதுக்கெல்லாமா அழுவே?" என்று அடக்கும் சூழல், இரண்டும் சேர்ந்தே இந்நிலையை வளர்க்கின்றன என்பது அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹனின் விளக்கம். உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுவழிச் சிகிச்சையை இதற்காக உருவாக்கியவர் அவர். பதின்ம வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார்.

பயத்தைத் தணிக்க, துணைகள் பெரிய வார்த்தைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். "உன்னை விட்டு ஒரு நிமிஷம்கூட விலக மாட்டேன்." பிறகு களைத்துப்போய் ஒருநாள் போனை அணைத்துவிடுவார்கள். அதைவிட, "ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுறேன்" என்று சொல்லி, சண்டை நடந்த நாளிலும் 9 மணிக்கே கூப்பிடுவது மேல். "நீ கத்தும்போது என்னால பேச முடியலை, அரைமணி கழிச்சு வரேன்" என்று எழுந்து போகலாம். ஆனால் அரைமணியில் திரும்பி வரத்தான் வேண்டும். செய்யாத தப்பை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. "நான் பதில் போடலைன்னதும் பயந்திருப்பே" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை மட்டும் 'மிரட்டல்' என்று ஒதுக்காதீர்கள். உடனே மருத்துவ உதவி தேவை.

இது தீராத நோய் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் மேரி ஸனாரினியின் குழுவினர் இந்தக் கோளாறுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களையே பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது 2 ஆண்டுகளாவது அறிகுறிகள் தணிந்திருந்தன. ஆனால் அதோடு வேலையும் உறவும் சீரானவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான்.

பிரிவதென்று முடிவெடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். உங்கள் பாதுகாப்புக்கு ஆபத்து இல்லையென்றால், திடீரென்று எண்ணை பிளாக் செய்யாதீர்கள். எப்போது போகிறீர்கள், இனி எதற்குப் பேசலாம், எதற்குக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.