கொட்டாங்குச்சியில் ஜாவா மாஸ்: ஒன்பது மாதக் கணக்கு

எங்கள் வீட்டில் பாசி என்றால் வழுக்கி விழவைப்பது. நவம்பர் மழையில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பச்சை பிடித்ததும் அம்மா பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமுமாக மேலே ஏறிவிடுவார். அதே மாதத்தில் நான் மீன்தொட்டிக்குள் வளர்க்கவென்று 80 ரூபாய் கொடுத்து ஒரு கைப்பிடி பாசி வாங்கிவந்து நின்றேன். "இதைக் காசு கொடுத்தாடா வாங்கின?" என்று கேட்டதோடு சரி, அன்று முழுக்க வேறு எதுவும் பேசவில்லை.

தமிழில் எல்லாமே பாசிதான். குளத்தில் படர்வதும் பாசி, சுவரில் வெல்வெட் துணி மாதிரி படிவதும் பாசி. பாடப்புத்தகம் மட்டும் பாசிகள் (algae) வேறு, மாஸ் (moss) வேறு என்று பிரித்துவைத்திருக்கும். பள்ளியில் ஃபியூனேரியா என்ற மாஸின் படம் வரைந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்தப் பிரிவினை தேர்வுக்கு அப்புறமும் உதவும் என்று அன்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஒரு பாசியை அழித்து இன்னொரு பாசியை வளர்ப்பதிலேயே இந்த ஒன்பது மாதமும் போனது. குழப்பம் வராமலிருக்க, வளர்க்க நினைத்ததை மாஸ் என்றும், வேண்டாமல் வந்ததைப் பாசி என்றும் எழுதுகிறேன்.

நவம்பர்

என்னிடம் இருந்தது 2 அடி கண்ணாடித் தொட்டி. ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். 6 கப்பி மீன்கள், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சாதாரண எல்.இ.டி. விளக்கு.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காசு எதற்கு என்று, அம்மாவின் துடைப்பம் வருவதற்குள் சுவரிலிருந்து ஒரு பச்சைத் திட்டைப் பெயர்த்து, மண்ணை அலசித் தொட்டிக்குள் வைத்தேன். நாலாம் நாள் பழுப்பு. பத்தாம் நாள் கூழ். மழையில் பச்சையாகி, வெயிலில் கருகிச் சுருண்டு, அடுத்த மழைக்கு மறுபடி எழுந்துகொள்கிற இனம் அது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் பிழைக்கும், எந்நேரமும் முங்கியே கிடக்கச் சொன்னால் அதனால் முடியாது.

அப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போனேன். வண்ணமீன் வளர்க்கும் சென்னைக்காரர்களுக்கு அந்த ஊரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாலிதீன் பையில் தண்ணீரோடு கட்டிக்கொடுத்தார்கள். பார்க்க, தலைசீவிய பிறகு சீப்பில் மிஞ்சும் சிக்கு மாதிரி இருந்தது, பச்சை நிறத்தில்.

ஜாவா மாஸின் அறிவியல் பெயர் டாக்ஸிபில்லம் பார்பியரி. தென்கிழக்கு ஆசியச் செடி. நெடுங்காலமாக இதை வெசிகுலாரியா டுபியானா என்ற பெயரில் விற்றுவந்தார்கள். அந்தப் பெயருக்கு உரியது இன்று சிங்கப்பூர் மாஸ் என்று விற்கப்படும் வேறோர் இனம். சிங்கப்பூரில் பணிபுரிந்த பெனிட்டோ டான் போன்ற மாஸ் ஆய்வாளர்கள் மீன்தொட்டிக்காரர்களின் மாஸ்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகே இந்தச் சிக்கல் கொஞ்சம் பிரிந்தது. கடைகளில் இன்றும் பிரியவில்லை. கிறிஸ்துமஸ் மாஸ் கேட்டால் ஜாவா மாஸ் கிடைக்கும், ஜாவா மாஸ் கேட்டால் நிச்சயம் ஜாவா மாஸ் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கையால் பிழிந்து சமையல் தராசில் வைத்தேன்: 12 கிராம். 2 நாள் வாளியில் ஊறவைத்தும் நத்தை முட்டைகள் கூடவே வந்துவிட்டன என்பது பிற்பாடு தெரிந்தது.

கட்டுவதற்குக் கொட்டாங்குச்சி எடுத்தேன். பாதி மூடியை நன்றாகச் சுரண்டி, 3 தடவை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்தேன். நாலாவது தடவைதான் டீ நிறம் இறங்குவது குறைந்தது. மேலே மாஸை நிறைய அள்ளிவைத்து, அம்மா பூக்கட்டும் நூலால் சுற்றினேன். தொட்டிக்குள் வைத்தபோது சின்னக் குன்று மாதிரி அழகாகவே இருந்தது. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

டிசம்பர் 2

காலையில் கொட்டாங்குச்சி மொட்டையாக இருந்தது. நூல் மூன்று வாரத்துக்குள்ளேயே இற்றுப்போய்விட்டது. மாஸ் பாதி மேலே மிதந்தது, மீதி ஸ்பாஞ்சில் போய் அப்பியிருந்தது.

மாஸுக்கு வேர் கிடையாது. ரைசாய்டு என்னும் மெல்லிய இழைகள்தான் உண்டு. பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் முக்கிய வேலை, உறிஞ்சுவதைப் பெரும்பாலும் இலையே செய்யும். ஜாவா மாஸ் பிடிப்பதற்கு வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதுவரை ஏதாவது ஒன்று இறுக்கிவைத்திருக்க வேண்டும். பருத்தி நூல் அதற்குள் கைவிட்டது.

மிதந்ததை அள்ளிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மேல்பக்கம் பச்சை, கொட்டாங்குச்சியை ஒட்டியிருந்த அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு, லேசாக நாற்றம். தடிமனாக அள்ளிவைத்ததால் அடியில் வெளிச்சமும் போகவில்லை, தண்ணீர் ஓட்டமும் போகவில்லை.

இந்தத் தடவை பழுத்ததையெல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு, மீதியைக் கத்தரிக்கோலால் 1 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினேன். வெட்டும்போது மனசு கேட்கவில்லைதான். ஆனால் மாஸின் சிறு துண்டும் தனிச் செடியாக வளரும். கொட்டாங்குச்சியின் மேல் அடியிலிருக்கும் ஓடு தெரிகிற அளவுக்கு மெல்லியதாகப் பரப்பி, தூண்டிலுக்குக் கட்டும் தங்கூஸ் நரம்பால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினேன். அது இற்றுப்போகாது. பார்க்க வழுக்கைத் தலையில் எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. யாருக்கும் படம் அனுப்பவில்லை.

ஜனவரி, பொங்கல் முடிந்து

ஆறாவது வாரத்தில்தான் முதல் புதுத்தளிர். பழைய இலையைவிட வெளிர்ப் பச்சையாக, ஊசிமுனை மாதிரி. அளந்து பார்த்தேன், 8 மில்லிமீட்டர். நரம்புக்கு மேலே எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு முனையையும் எண்ண ஆரம்பித்தேன். 40 வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் விளக்கு நேரத்தை 6 மணியிலிருந்து 11 மணி நேரமாக ஏற்றினேன். அப்புறம் பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். திரும்பிவந்தால் கொட்டாங்குச்சிக்குத் தாடி முளைத்திருந்தது. இழைப் பாசி. மாஸின் ஒவ்வொரு கிளையிலும் தலைமுடி மாதிரி சுற்றிக்கொண்டு, இழுத்தால் மாஸும் சேர்ந்து வந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் திருகி நூடுல்ஸ் சுற்றுவதுபோல் சுற்றி எடுத்தேன். 2 நாளில் மறுபடி அதே அளவு.

பிப்ரவரி

இந்த மாதம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கற்றுக்கொண்டது எல்லாம் இதில்தான்.

வெளிச்சம் கூடினால் பாசி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் புரியாதது, அதே வெளிச்சத்தில் மாஸ் ஏன் அதே வேகத்தில் வளரவில்லை என்பது. படித்துப் பார்த்ததில் கிடைத்த விஷயம்: தண்ணீருக்குள் ஒளிச்சேர்க்கைக்குக் கரியமிலவாயு வேண்டும். அது காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். பாசிகளில் பலவும் வாயு தீர்ந்ததும் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டை எடுத்துச் சமாளித்துக்கொள்ளும். மாஸ்களால் பொதுவாக அது முடியாது, கரைந்த வாயு மட்டுமே அவற்றுக்குச் சாப்பாடு. ஆகவே நான் கூட்டிய 5 மணி நேரத்தில் மாஸ் பட்டினியாக உட்கார்ந்திருக்க, பந்தியில் பாசி தனியாகச் சாப்பிட்டிருக்கிறது.

அதுவும் எங்கள் போர்வெல் தண்ணீர் பைகார்பனேட் கஷாயம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 1,100 காட்டும். கேனில் பிடித்துவைக்கும் மெட்ரோ தண்ணீர் 300 சொச்சம், ஆர்.ஓ. தண்ணீர் 40. ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட நான் தினமும் போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, உப்பெல்லாம் உள்ளேயே தங்கிக்கொண்டே வரும். தொட்டிக்குள் அளந்தபோது 1,600. மாஸின் நுனிகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பூஞ்சை என்று நினைத்திருந்தேன். ஒரு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தது. சுண்ணாம்பு! பெரும்பாலான மாஸ் இலைகள் ஒரே ஓர் அடுக்கு செல்லால் ஆனவை. அதன்மேல் சுண்ணாம்பும் அழுக்கும் படிந்தால் மூக்கைப் பொத்தின மாதிரி.

செய்தது இவ்வளவுதான். விளக்கை 5 மணி நேரத்துக்குக் குறைத்து டைமர் போட்டேன். ஜன்னல் பக்கத்துக் கண்ணாடிக்குக் கறுப்புச் சார்ட் ஒட்டினேன். வாரம் கால்வாசித் தண்ணீரை மெட்ரோவும் ஆர்.ஓ.வும் பாதிக்குப் பாதி கலந்து மாற்றினேன். மெட்ரோ தண்ணீருக்கு ஆன்டி குளோரின் 2 சொட்டு. குறைவதை ஈடுகட்ட ஆர்.ஓ. மட்டும். ஒட்டிக்கொண்டிருந்த இழைகளுக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மில்லியை ஃபில்டரை நிறுத்திவிட்டுச் சிரிஞ்சால் மேலேயே பீய்ச்சி, கால்மணி நேரம் கழித்து மறுபடி ஓடவிட்டேன். 3 நாள் விட்டு இன்னொரு முறை. பாசி வெளுத்துப் பிரிந்தது. மாஸின் நுனிகள் சிலவும் சேர்ந்தே வெளுத்தன, அது என் கை மிஞ்சியதன் விலை. கடையில் பாசிக்கொல்லி மருந்தும் காட்டினார்கள். அதில் செம்பு இருந்தது. செம்பு மாஸையும் இறாலையும் கொல்லும் என்பதால் வாங்கவில்லை.

மார்ச், ஏப்ரல்

நல்ல மாதங்கள். எழுத அதிகம் இல்லை. மாதம் 2 சென்டிமீட்டர் வளர்ந்தது. கொட்டாங்குச்சியை எடுத்து ஆட்டிப் பார்த்தேன், மாஸ் அசையவில்லை. நரம்பை அப்படியே விட்டுவிட்டேன், அது உள்ளே புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை.

10 செர்ரி இறால் விட்டேன். மாஸுக்குள் தங்கும் அழுக்கையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் நாள் முழுக்க நோண்டிச் சாப்பிடுகின்றன, மாஸைத் தொடுவதில்லை. ஏப்ரல் கடைசியில் வயிற்றில் முட்டையோடு 2 பெண் இறால்கள். கப்பிக் குஞ்சுகளும் இப்போது பிழைக்கின்றன, தாய் துரத்தினால் மாஸுக்குள் பாய்ந்துவிடுகின்றன. 6 கப்பி 31 ஆனது. அதை என்ன செய்வது என்பது வேறு பிரச்சினை.

முதல் கத்தரிப்பும் ஏப்ரலில்தான். ஃபில்டரை நிறுத்தி, நுனிகளை ஒட்ட வெட்டி, மிதக்கும் துண்டுகளை வலையால் அரித்தெடுத்தேன். இதில் சோம்பல்பட்டால் துண்டு விழுந்த இடமெல்லாம் மாஸ் முளைக்கும். வெட்டிய இடத்தில் பக்கக் கிளைகள் வந்து அடர்த்தியாகிறது. மிஞ்சியதை ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் நனைந்த துணிமேல் பரப்பி, மூடிபோட்டு, வெயில் படாத வடக்குப் பால்கனியில் வைத்தேன். அப்புறம் மறந்தும் போனேன்.

மே

தண்ணீர் 33 டிகிரி. ஜாவா மாஸ் 30 வரை தாங்கும், அதற்குமேல் வாடும். வளர்ச்சி நின்றது, அடிக்கிளைகள் பழுத்தன. 4 இறால்கள் செத்தன. தொட்டிமேல் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பொருத்தியதும் 30க்கு இறங்கியது, ஆனால் தினமும் 2 லிட்டருக்குமேல் ஆவியானது. இந்த மாதம் ஆர்.ஓ. தண்ணீரை நான் குடித்ததைவிடத் தொட்டி குடித்தது அதிகம்.

மே கடைசியில்தான் டப்பா ஞாபகம் வந்தது. நிச்சயம் வெந்திருக்கும் என்று திறந்தால், கட்டைக் குட்டையாக, நெருக்கமாக, தொட்டிக்குள் இருப்பதைவிடப் பச்சையாகத் துணி முழுக்கப் படர்ந்திருந்தது. ஈரம் இருக்க, கரியமிலவாயு காற்றிலிருந்து தாராளமாகக் கிடைக்க, அதற்கு என்ன குறை. ஒரு மாதமாக நான் எதுவுமே செய்யாமல் இருந்தது டப்பாவுக்கு மட்டும்தான்.

ஜூலை

2 மழை பெய்து தண்ணீர் 29க்கு வந்துவிட்டது. கொட்டாங்குச்சியில் மறுபடி வெளிர்ப் பச்சை முனைகள். நேற்று வெட்டியதையும் டப்பாவிலிருந்து எடுத்ததையும் சேர்த்துப் பிழிந்து நிறுத்தேன்: 64 கிராம். கொட்டாங்குச்சிமேல் இருப்பது கணக்கில் சேரவில்லை.

அடுத்து மாஸ் சுவர். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடி அளவுக்கு 2 பிளாஸ்டிக் வலைகள் வெட்டி, நடுவே மாஸைப் பரப்பி, ஓரங்களைத் தைக்க வேண்டும். எனக்குத் தையல் வராது. ஊசியில் நூலைக் கோக்கத் திணறிக்கொண்டிருந்ததை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, "பூ நூல் வேணாம், மறுபடி இத்துப்போகும். அந்தத் தங்கூஸை எடு" என்றார்.