உப்புவெளி மணலில் ஒரு பழைய கோல்ஃப் வண்டி: டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இழுவை ஏற்றிய அனுபவம்

வேலைக்கு வந்த வண்டி யமஹா ஜி1. 1978 தொடங்கி 1989 வரை யமஹா செய்து விற்ற கோல்ஃப் வண்டி. பெற்றோலில் ஓடும் ஜி1இல் இருப்பது 292 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். திருகோணமலைச் சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ஃப் மைதானம் இருப்பதால், அங்கிருந்து வந்த வண்டியா என்று பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். இல்லை. உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் என் நண்பன் கொழும்பில் ஒரு பழைய சாமான் யாட்டில் கண்டு, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தது. வீதியில் இருந்து கடற்கரைப் பக்கத்து அறைகளுக்குப் போவது மணல் ஒழுங்கை. ஓட்டோ அதில் புதையும். பெட்டிகளோடு வருபவர்களை ஏற்றி இறக்கத்தான் இந்த வண்டி. பதிவு இல்லாததால் வீதிக்குக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோகும் எண்ணமும் அவனுக்கு இல்லை.

தனி ஆளாக ஓட்டினால் போனது. நாலு பேர் ஏறினால் ஒழுங்கை முடிவில் இருக்கும் மணல் மேட்டில் முக்கி முக்கி நின்றுவிட்டது. "மச்சான், இதுக்குப் பவர் ஏத்தலாமா?" என்று கேட்டான்.

நான் போட் எஞ்சின் வேலை செய்பவன். டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதி 2008இல் நின்றபிறகு, எங்கள் ஊரில் டூ ஸ்ட்ரோக் தெரிந்த கைகள் பெரும்பாலும் கடற்கரையில்தான் மிச்சம். எஞ்சின் என்ற அளவில் ஜி1 எனக்குப் புதிதில்லை. வண்டியின் குணம்தான் புதிது. இதில் ஐடில் கிடையாது. பெடலை மிதித்தால் ஸ்டார்ட்டரே எஞ்சினைச் சுற்றி எழுப்பும், காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். கியர் மாற்றும் வேலையும் இல்லை. இரண்டு புல்லிக் கிளச்சும் நடுவே ஒரு பெல்ட்டும். ஆக, ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் எஞ்சின் அடியில் இருந்து சுமையைத் தூக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது எது, செய்யக்கூடாதது எது என்று பாதி தெரிந்துவிடும்.

பவர் ஏற்றுவதற்கு முன்னால், இருந்த பவர் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். பழைய எஞ்சின் எதுவாக இருந்தாலும் என் முதல் வேலை இதுதான். 2022 பெற்றோல் நெருக்கடியில், பங்கீட்டுப் பெற்றோல் வாங்கும் கியூ.ஆர். இல்லாத வண்டியாக இது கொட்டிலில் கிடந்திருக்கிறது. காபரேற்றரின் கிண்ணத்தில் பெற்றோல் காய்ந்து பச்சைப் பிசினாக ஒட்டியிருந்தது. திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தேன். கேஜில் 85 பிஎஸ்ஐ. இவ்வளவு குறைந்த கம்ப்ரஷனில் ஓடியதே பெரிய காரியம்.

அடுத்தது லீக் சோதனை. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் ஒரு பம்ப் மாதிரித்தான் வேலை செய்கிறது. காற்றும் பெற்றோலும் முதலில் அதற்குள் போய், அங்கே அமுங்கித்தான் மேலே ஏறும். கிராங்கின் எந்தப் பக்கத்து சீலில் ஓட்டை இருந்தாலும் வெறும் காற்று உள்ளே போகும், கலவை மெலியும், பிஸ்டன் சுடும். இந்தச் சோதனைக்கு நான் வைத்திருப்பது டொக்டர்மார் பிரஷர் பார்க்கும் கருவி. அதன் ரப்பர் பந்தும் கேஜும் இருந்தால் போதும். இன்டேக்கையும் எக்சோஸ்ட்டையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, பிளக் துளை வழியாகக் காற்றை அமுக்கினேன். கேஜின் கடைசிக் கோடு 300. பிஎஸ்ஐ கணக்கில் ஏறத்தாழ 6. இந்த எஞ்சினுக்கு அதற்கு மேல் அமுக்கத் தேவையில்லை, சீல் வெளியே தள்ளிவிடும். முள் 300இல் நின்றால் நல்ல எஞ்சின். எங்களுடையது கண் முன்னே இறங்கியது. சவர்க்கார நுரையைப் பூசியதும் கிளச் பக்கத்து சீலைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக எழும்பின. மற்றப் பக்கம் சுத்தம். ஆனாலும் இரண்டு சீலையும் மாற்றினேன். ஒரு பக்கம் போயிருந்தால் மற்றதும் அதே வயதுதானே.

சைலன்சரைக் கழற்றியதும் நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிலிண்டரின் எக்சோஸ்ட் வாசல் கரி கட்டிப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. சைலன்சருக்குள் கறுத்த ஓயில் பிசின். மூச்சு விட வழி இல்லாத எஞ்சின் எப்படிச் சுமை இழுக்கும்? வாசலின் கரியை மரச் சிராயால் சுரண்டினேன். இரும்பு பட்டால் பிஸ்டனில் கீறல் விழும். சைலன்சரைக் கோஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, கழுவி, வெயிலில் காயவைத்தேன். சைலன்சர் இரும்பு என்பதால் கோஸ்டிக் சோடா சரி. அலுமினியத்தில் அது பட்டால் அரித்துவிடும், ஆகவே சிலிண்டர், ஹெட், காபரேற்றர் பக்கமே அதைக் கொண்டுபோகக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடவும் கூடாது.

கலவையை உள்ளே விட்டுத் திரும்பிப் போகவிடாத ரீட் வால்வின் இதழ்களில் ஒன்று நுனியில் உடைந்திருந்தது. அதுவும், ஓவர்சைஸ் பிஸ்டனும், ரிங்கும் வெளிநாட்டில் இருந்து கூரியரில் வரவேண்டியிருந்தன. பிஸ்டன் கைக்கு வரும் வரை சிலிண்டரை லேத்துக்குக் கொடுக்கவில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பிப் போர் பண்ணுவது, அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்குவது, எனக்குப் பிடிக்காது. வந்த பிஸ்டனை மைக்ரோமீற்றரில் அளந்து, அதற்கு உரிய இடைவெளி விட்டுப் போர் பண்ண வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினில் இந்த இடைவெளியில் கஞ்சத்தனம் பார்த்தால், சூடேறியதும் பிஸ்டன் இறுகிவிடும்.

இதற்கிடையில் தெரிந்த ஒரு தம்பி வந்தான். டிடி 125 பைக்குகளில் போர்ட்டிங், அதாவது சிலிண்டர் வாசல்களை வெட்டித் திருத்தும் வேலை, செய்து பழகியவன், நல்ல கைத்திறமை உள்ளவன். "அண்ணா, எக்சோஸ்ட் வாசலை ரெண்டு மில்லி மேல ஏத்துவம், பறக்கும்" என்றான். அவன் சொன்னது ஒரு கணக்கில் சரிதான். வாசலின் மேல் விளிம்பை உயர்த்தினால் அது முந்தித் திறக்கும், அதிக சுற்றில் எஞ்சின் நன்றாக மூச்சு விடும், உச்சப் பவர் கூடும். ஆனால் குறைந்த சுற்றில் என்ன நடக்கும்? பிஸ்டனைத் தள்ள வேண்டிய அழுத்தம் வேலை முடியுமுன்னே வெளியே போய்விடும், உள்ளே வந்த புதுக் கலவையிலும் ஒரு பங்கு கூடவே ஓடிவிடும். ரேஸ் பைக்குக்கு அதிக சுற்று கிடைக்கும், ஓட்டுபவன் கியரைப் போட்டு அங்கேயே வைத்திருப்பான். மணலில் நாலு பேரோடு நிற்கும் வண்டிக்கு அந்தச் சுற்று வருவதற்கு முன்பே சக்கரம் புதைந்திருக்கும். இந்த வண்டிக்குத் தேவை இழுவை. அது கீழ்ச் சுற்றில்தான் இருக்கிறது. இதை அவனுக்கு டிகிரி தட்டை கிராங்கில் மாட்டி, வாசல் எங்கே திறக்கிறது எங்கே மூடுகிறது என்று சுற்றிக் காட்டியே விளக்கினேன். வாசல்களின் உயரத்தில் கை வைப்பதில்லை என்று முடிவானது.

அதற்குப் பதிலாக அவனுடைய கைத்திறமையை வேறு இடத்தில் பயன்படுத்தினோம். கிராங்க் கேஸில் இருந்து சிலிண்டருக்குக் கலவை ஏறும் வழிகளில், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி இருந்தது. வார்ப்பு ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை, கெஸ்கட்டும் உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. அதை வழித்து ஒரே கோடாக்கினான். போர் பண்ணியபிறகு வாசல்களின் விளிம்புகளைச் சாய்வாக மழுக்கினான். இதை விட்டால் ரிங் விளிம்பில் தட்டி உடையும்.

ஹெட்டில்தான் உண்மையான ஆதாயம் கிடைத்தது. பிஸ்டன் உச்சத்துக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்க்க, ஈயக் கம்பியைப் பிளக் துளையால் விட்டுக் கையால் எஞ்சினைச் சுற்றினால் போதும். கம்பியின் நசுங்கிய நுனியை அளந்தால் விடை. பிஸ்டன் பின்னுக்கு நேரான இரு பக்கத்திலும் அளக்க வேண்டும். வேறு பக்கத்தில் அளந்தால் பிஸ்டன் சாய்ந்து கணக்கைக் கெடுக்கும். எங்களுக்கு 1.9 மில்லிமீற்றர் வந்தது. எனக்கு வேண்டியது 1.2 அளவில். இடம் குறைந்தால் கலவை கூடுதலாக அமுங்கும், இழுவை கூடும்.

ஹெட்டை எடுத்துக்கொண்டு நகரில் உள்ள லேத் நானாவிடம் போனேன். கணக்கைச் சொன்னதும் அவர் ஹெட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் கொஞ்சமா எடுப்பம். எடுத்தத திரும்ப வைக்கேலாது" என்றார். முதலில் 0.4 எடுத்தார். நான் கொண்டுபோய்ப் பூட்டி, ஈயக் கம்பியால் அளந்து, திரும்பவும் கொண்டுவந்து கொடுத்து 0.3. அவருடைய கை பட்ட ஹெட் கண்ணாடித் தட்டில் வைத்தால் ஆடாமல் நின்றது. எங்களுக்குக் கிடைப்பது 92 ஒக்ரேன் பெற்றோல் என்பதை வைத்தே அளவை அங்கே நிறுத்தினேன். இன்னும் எடுத்தால் கலவை நேரம் தப்பி வெடித்து எஞ்சின் இடிக்கத் தொடங்கும். மணலில் மெதுவாக, முழு மிதியில், பின்காற்றில் போகும் வண்டிக்கு இடிப்பு வந்தால் பிஸ்டனின் தலையே ஓட்டையாகும். எல்லாம் பூட்டி முடித்துக் கேஜை வைத்தபோது முள் 130இல் நின்றது.

ஓயில் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரையோரக் கடைகளில் லேசாகக் கிடைப்பது போட் எஞ்சினுக்கான டூ ஸ்ட்ரோக் ஓயில். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று இருக்கும். தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு அது மிக நல்லது. காற்றால் குளிரும் எஞ்சினின் சூட்டுக்கு அது செய்யப்பட்டதில்லை. ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று போட்ட ஓயிலைத் தேடி வாங்குங்கள். ஜி1இல் ஓயிலைத் தானாகக் கலக்கும் பம்ப் உண்டு. இந்த வண்டியில் அதன் வயதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அது நின்றால் சத்தமே இல்லாமல் நிற்கும், எஞ்சின் இறுகியபிறகுதான் தெரியும். பம்பைக் கழற்றி மூடிவிட்டு, பெற்றோலோடு கலந்தே ஊற்றும் முறைக்கு மாற்றினேன். 10 லீற்றருக்கு 250 மில்லிலீற்றர். விடுதிப் பொடியன்கள் மறக்காமல் இருக்க, 250இல் சிவப்புக் கோடு போட்ட ஒரு போத்தலைப் பெற்றோல் கானிலேயே கட்டிவிட்டேன்.

காபரேற்றரில் பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும் துளை ஜெட். அதற்குச் சரியான எண்ணைப் பிடித்தது விடியற்காலையில். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதற்குப் பெற்றோலும் கூடுதலாக வேண்டும். மத்தியானச் சூட்டில் ஜெட் பிடித்தால், மறுநாள் காலையில் கலவை மெலிந்துவிடும். காலையில் சரியாக இருந்தால் மத்தியானம் சற்றுக் கூடுதலாக எரியும், எஞ்சினுக்கு ஆபத்தில்லை. பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கி, முழு மிதியில் எஞ்சின் விட்டு விட்டு அடிப்பது நிற்கும் வரை ஒவ்வொரு எண்ணாக இறங்கினேன். இந்த வண்டியின் பெடல் குணம் இங்கே கைகொடுத்தது: மேட்டில் முழு மிதியில் போய்க் காலை எடுத்தால் எஞ்சின் அங்கேயே நிற்கும், பிளக்கைக் கழற்றினால் அந்தச் சுமையின் நிறத்தை அப்படியே காட்டும். கடைசியில் வந்தது பால் குறைந்த தேநீரின் பழுப்பு. கம்ப்ரஷன் ஏறியதால் பிளக்கையும் ஒரு படி குளிர்ந்ததாக மாற்றினேன். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்புவெளியில் பொடி மணல் எல்லா இடத்திலும் ஏறும். ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, அதன் பெட்டியின் விளிம்புக்கு கிரீஸ் பூசினேன். ஃபேன் கவசத்துக்குள் குளவி மண்கூடு கட்டி, ஹெட்டைக் குளிரவைக்கும் உலோக இதழ்களில் பாதியை அடைத்திருந்தது. பவர் கூடினால் சூடும் கூடும், ஆகவே அந்த இதழ்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, கவசத்தை ஒரு ஆணியும் குறையாமல் திரும்பப் பூட்டினேன். பிளக் வாஷருக்குக் கீழே வைக்கும் வெப்பமானி ஒன்றும் போட்டோம். 200 பாகையைத் தாண்டினால் நிறுத்து என்பது பொடியன்களுக்கு நான் சொன்ன எல்லை.

கிளச்சில் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய பெல்ட் தேய்ந்து ஒடுங்கியிருந்தது, புதுசு போட்டேன். முன் கிளச்சுக்குச் சற்று இறுக்கமான ஸ்பிரிங். எஞ்சின் கொஞ்சம் சுற்றேறி, இழுவை வந்தபிறகே பெல்ட்டைப் பிடிக்கும்.

இப்போது நாலு பேரும் பெட்டிகளும் ஏறி அந்த மேட்டை நிற்காமல் ஏறுகிறார்கள். வேகம் பழைய வேகம்தான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை நான் தொடவே இல்லை. பின் சக்கரத்து ட்ரம் பிரேக் அந்த வேகத்துக்கு அளந்து செய்தது, ஒழுங்கையில் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். கவர்னரைக் கழற்றித் தரச்சொல்லி நண்பன் இன்னும் கேட்கிறான். முன் சக்கரத்துக்கும் பிரேக் போட்டபிறகு கதைப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.